பாரமும் பற்றும்: மின்சாரச் சரக்கு எஞ்சின்களின் அமைப்பு

மக்கள் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செல்ல வேண்டும் ஊர்தி ஒன்று; அவர்கள் உண்பனவும் உடுப்பனவும் எரிப்பனவும் வந்து சேர வேண்டும் ஊர்தி மற்றொன்று. முன்னதற்கு விரைவு வேண்டும். பின்னதற்கு வலிமை வேண்டும். நம் மயிலாப்பூரில் இவ்விரண்டன் வழிகளையும் மேலும் கீழுமாகக் காணலாம். திருமயிலை நிலையத்தின் வழியே மேம்பாலத்தில் ஓடும் ரயில் மக்களை மட்டுமே ஏற்றிச் செல்வது. அதன் தூண்களின் அடியிற் கிடக்கும் பக்கிங்ஹாம் கால்வாயோ, ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்ற பெருவழியாக இருந்தது. படகோட்டிகள் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளிலிட்டு, முன்சாய்ந்து நடந்து, பாரப்படகை மெல்ல மெல்ல இழுத்துச் செல்வர். இன்று அக்கால்வாயில் சரக்குப் படகு செல்வதில்லை. நியாயவிலைக் கடையில் நாம் பெறும் கோதுமை வடநாட்டினின்றும் இருப்புப்பாதை வழியே வருகின்றது. நாட்டின் அனல்மின் நிலையங்களில் எரியும் நிலக்கரியின் பெரும்பகுதியும் அவ்வாறே செல்கின்றது. கயிற்றைத் தோளிலிட்ட படகோட்டியின் இடத்தில் இன்று நிற்பது மின்சாரச் சரக்கு எஞ்சினே.

அவ்வெஞ்சினின் அமைப்பை, யந்திர நூல் பயிலாத அன்பர்களும் அறியுமாறு கூறுதல் இக்கட்டுரையின் நோக்கம். உறுப்புக்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வதினும், ஒரே வினாவைப் பற்றிச் செல்லுதல் தெளிவு தருமாதலின், அவ்வினாவை முதற்கண் நிறுத்துவோம். ஓர் எஞ்சின் எவ்வளவு பாரத்தை இழுக்கும் என்பதை முடிவு செய்வது யாது? அதன் மோட்டார்களின் ஆற்றலே என்று பலரும் விடை கூறுவர். அது முற்றும் உண்மையன்று.

மீண்டும் படகோட்டியைக் கருதுக. அவன் தோள் எத்துணை வலிதாயினும், கரைச் சேற்றில் அவன் கால் வழுக்குமாயின் படகு நகராது. தோளின் வலிமை படகைச் சேர்வதற்கு முன் உள்ளங்காலின் வழியே நிலத்தைச் சேர்தல் வேண்டும். எஞ்சினுக்கும் இதுவே விதி. மோட்டாரின் வலிமையனைத்தும் சக்கரத்தின் அடியிலே, சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்திலே, சென்று தீர்வது. அவ்விடத்தின் பரப்போ ஒரு சிறு நாணயத்தின் அளவே. சக்கரமும் எஃகு, தண்டவாளமும் எஃகு, இரண்டும் வழவழப்பானவை. அவ்வழவழப்பினால்தான் ரயிலில் பெரும்பாரம் சிறுவிசையால் ஓடுகின்றது. அவ்வழவழப்பினால்தான் எஞ்சினின் கால் வழுக்குகின்றது. ஒரே குணம் இழுக்கப்படும் வண்டிக்கு நன்மையாகவும், இழுக்கும் எஞ்சினுக்கு இடராகவும் அமைந்துள்ளது.

சக்கரம் தண்டவாளத்தை வழுக்காது பிடித்துக்கொள்ளும் தன்மையைத் தமிழிற் ‘பற்று’ என்றே வழங்கலாம். பற்றின் அளவு சக்கரத்தின்மேல் அமரும் பாரத்தைப் பொறுத்தது. தண்டவாளம் உலர்ந்திருக்குங்கால், பாரத்தில் நான்கிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையில் இழுவிசையாகக் கொள்ளலாம்; ஈரத்தில் அது ஆறிலொரு பங்குக்குங் கீழே இறங்குதலுமுண்டு. பெருமழையினும் சிறுதூறலே இங்கு கொடிது. எங்ஙனமெனின், பெருமழை தண்டவாளத்தைக் கழுவித் தூய்மை செய்துவிடும். சிறுதூறலோ அங்குப் படிந்துள்ள புழுதியையும் எண்ணெய்ப்பசையையும் குழைத்துச் சேறாக்கி விட்டுவிடும். இதனால், நீராவி எஞ்சின் காலத்து மணற்பெட்டி இன்றைய மின்சார எஞ்சினிலும் நீங்காது நிற்கின்றது. சக்கரம் வழுக்கும்போது சிறு குழாயின் வழியே உலர்மணல் தண்டவாளத்தின்மேல் தூவப்படும். கோடிக்கணக்கான பொருட்செலவில் ஆக்கிய யந்திரத்திற்கும் இறுதியில் ஒரு பிடி மணல் துணையாக வேண்டியிருத்தல் எண்ணத்தக்கது.

சக்கரம் வழுக்குவதனால் வரும் கேடு, வண்டி தாமதமாவது ஒன்றேயன்று. நின்ற இடத்திலேயே சுழலும் சக்கரம் தண்டவாளத்தைத் தீய்த்து வடுப்படுத்தும். அவ்வடுவிலிருந்து பிறக்கும் வெடிப்பு, கவனியாது விடப்படின், பின்னொரு நாள் தண்டவாளமே முறிதற்கு ஏதுவாகும். சரக்கு ரயில் ஏற்றத்தில் ஏற மாட்டாது நின்றுவிடின், அதன் பின்னே வரும் மக்கள் ரயில்களும் நிற்கும். ஆகவே பற்றைக் காத்தல் எஞ்சின் அமைப்போரின் முதற்கடன் ஆயிற்று. சென்ற நூறாண்டுகளின் சரக்கு எஞ்சின் வரலாறு முழுவதும் இக்கடனை அவர்கள் எவ்வெவ்வாறு ஆற்றினர் என்பதே எனலாம்.

அவ்வரலாற்றில் நம் நகரத்துக்கும் இடமுண்டு. சென்னைக் கடற்கரையினின்று எழும்பூர், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி வழியாகத் தாம்பரம் செல்லும் மீட்டர் பாதையில், தென்னிந்திய ரயில்வேயார் 1931-ஆம் ஆண்டில் மின்சார ரயிலை ஓட்டத் தொடங்கினர். தியாகராயநகர் வளர்ந்தோங்கியதற்கு அவ்வண்டியும் ஒரு காரணமென்பதை மாம்பலத்தார் அறிவர். ஆயின் மக்கள் வண்டிகளோடு நான்கு மின்சார எஞ்சின்களும் இங்கிலாந்தினின்றும் வந்தன என்பதைப் பலர் அறியார். மேலே தொங்கும் கம்பியில் ஓடியது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். கம்பி இல்லாத கிளைப்பாதைகளிலும் சரக்கு வண்டிகளைத் தள்ளவேண்டியிருந்தமையின், சேமிப்பு மின்கலங்கள் நிறைத்த துணைவண்டியொன்றை எஞ்சினோடு பூட்டி ஓட்டும் முறையும் வகுக்கப்பட்டிருந்தது. கம்பியில்லாத இடத்தில் மின்கலத்தால் ஓடும் வாகனத்தை இக்காலப் புதுமையென்று நாம் வியக்கின்றோம். அஃது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே சென்னையில் நினைக்கப்பட்டதாகும்.

சென்னையின் நிலம் சமமானது; பற்றுக்கு இங்குக் கடுஞ்சோதனை இல்லை. சோதனை நேர்ந்த இடம் பம்பாயையும் பூனாவையும் இடைமறிக்கும் போர் கணவாய். அங்குப் பாதை 37 அடி செல்வதற்குள் ஓரடி ஏறும். அவ்வேற்றத்துக்கென 1928 முதல் வந்த சரக்கு எஞ்சின்களில் ஒரு நுட்பம் இருந்தது. நீண்ட இரு மூக்குகளும் நடுவில் ஓட்டுநர் அறையும் உடைய அவ்வெஞ்சினின் முன்புறத்து மூன்று அச்சுகளும் இணைதண்டுகளால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருந்தன. பின்புறத்து மூன்றும் அங்ஙனமே. அதனால், ஒரு சக்கரம் வழுக்க முற்படினும் தனித்துச் சுழல இயலாது. மற்ற இரண்டும் அதனைப் பிடித்து நிறுத்தும். தண்டுகள் மேலுங் கீழுமாக அசைந்து செல்லும் அவ்வெஞ்சினை ‘கேக்டா’, அஃதாவது நண்டு, என்றனர். அதற்கு முன்னோடியான எஞ்சினைச் சுவிட்சர்லாந்தில் முதலை என்று அழைத்தனர். நண்டுகளுள் ஒன்று இன்றும் தில்லி ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கின்றது.

இணைதண்டுகள் பற்றைக் காத்தன. ஆயின் அவை கனத்தவை, அதிர்பவை, அடிக்கடி எண்ணெயும் பழுதுபார்ப்பும் வேண்டுபவை. ஆதலின் அடுத்த தலைமுறையினர் அச்சுகளைப் பல்சக்கரங்களால் பூட்டினர். 1960-களில் ஜப்பானினின்றும் சென்னை–விழுப்புரம் மீட்டர் பாதைக்கு வந்த எஞ்சின்களில், ஒவ்வொரு சக்கரச் சட்டத்துக்கும் மோட்டார் ஒன்றே. அம்மோட்டார் பல்சக்கரங்களின் வழியே இரண்டு அச்சுகளையும் ஒருங்கே சுழற்றும். சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1963-ல் முதன்முதலாக உருவான, ‘பிதான்’ என்று பெயர் பூண்ட, மாறுமின்சாரச் சரக்கு எஞ்சினும் அம்முறையினதே. தண்டு செய்த வேலையைப் பல்சக்கரம் செய்தது, கருத்து ஒன்றே.

இதற்கிடையே கம்பியில் ஓடும் மின்சாரமும் மாறியது. 1950-களின் பிற்பகுதியில் நம் நாட்டு ரயில்வேயார் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தை மேற்கொண்டனர். கடற்கரை–தாம்பரம் பாதையும் 1967-ல் அம்முறைக்கு மாறிற்று. இம்மாற்றத்தின் பயனைச் சிறு கணக்கால் அறியலாம். 4,500 கிலோவாட் ஆற்றலுள்ள எஞ்சினுக்கு 1,500 வோல்ட்டில் மின்சாரம் தருவதாயின் 3,000 ஆம்பியர் ஓட வேண்டும். 25,000 வோல்ட்டில் 180 ஆம்பியரே போதும். ஆகவே கம்பி மெலிதாகலாம்; மின்னூட்டு நிலையங்களும் பல கிலோமீட்டருக்கு ஒன்றாக விலகி நிற்கலாம். அவ்வுயர்ந்த அழுத்தத்தை மோட்டாருக்குத் தக்கபடி தாழ்த்தும் மின்மாற்றி எஞ்சினிலேயே ஏற வேண்டும்; அஃது பல டன் கனமுடையது. மற்ற ஊர்திகளில் இக்கனம் குற்றமாகும். சரக்கு எஞ்சினிலோ அதுவே பற்றாக மாறுதலின் குணமாகும்.

1984 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்டனவாக ஆக்கப்பட்ட டபிள்யூ.ஏ.ஜி. 5 என்னும் எஞ்சின் நெடுங்காலம் நாட்டின் சரக்கைச் சுமந்தது. (முதலெழுத்து அகலப்பாதையையும், இரண்டாவது மாறுமின்சாரத்தையும், மூன்றாவது சரக்கையும் குறிப்பன.) இதில் ஆறு அச்சுகளுக்கும் ஆறு மோட்டார்கள் தனித்தனியே உண்டு. தண்டும் இல்லை, பொதுவான பல்சக்கரமும் இல்லை. ஒரு சக்கரம் வழுக்கினால் அடுத்ததன் துணை அதற்கில்லை. அன்றியும் அதன் நேர்மின் மோட்டார், சுமை குறைந்தவுடன் மேன்மேலும் விரைந்து சுழலும் இயல்பினது. எனவே வழுக்கத் தொடங்கிய சக்கரம் எளிதில் அடங்காது. மோட்டார்களுக்குச் செல்லும் அழுத்தம் 32 படிகளாக ஏற்றப்படும். ஒவ்வொரு படி ஏறும்போதும் இழுப்பிலே ஒரு சிறு திடுக்கம் உண்டாகும். அத்திடுக்கமே வழுக்கலுக்கு வாயிலாகும். ஆகவே ஏற்றத்தில், மழைநாளில், நிறைபாரத்தோடு அதனை ஓட்டுவது கைத்திறனும் செவித்திறனும் வேண்டிய கலையாக இருந்தது. அமைப்பிலே விடுபட்ட காவலை ஓட்டுநரின் உள்ளங்கை நிறைவு செய்தது என்னலாம்.

இனி, இன்று எங்கும் காணப்படும் டபிள்யூ.ஏ.ஜி. 9 என்பதனை நோக்குவோம். 1993-ல் ஏ.பி.பி. என்னும் ஐரோப்பியக் கம்பெனியாரோடு செய்த உடன்படிக்கையின்படி இதன் முதல் எஞ்சின்கள் 1996-ல் வந்தன. அக்கலையைக் கற்றுக்கொண்டு சித்தரஞ்சனில் ஆக்கப்பட்ட முதல் எஞ்சின் 1998 நவம்பரில் ‘நவயுகம்’ என்ற பெயரோடு வெளிவந்தது. இதன் கூரைமேல் உள்ள மடக்குக்கை கம்பியினின்றும் மின்சாரத்தை ஏற்க, மின்மாற்றி அதனைத் தாழ்த்த, மின்னணுக் கருவிகள் அதனை நேர்மின்சாரமாக்கிப் பின்னர் மும்முக மாறுமின்சாரமாகத் திரும்ப ஆக்குகின்றன. ஒரு மாறுமின்சாரத்தை மற்றொரு மாறுமின்சாரமாக்க இத்துணை உழைப்பு எதற்கெனின், கம்பியில் வரும் அலைகளின் எண்ணிக்கை மாறாதது. மோட்டாருக்கு வேண்டுவதோ, வேகத்துக்கேற்ப எண்ணிக்கை மாறும் அலை.

இம்மோட்டாரின் இயல்பு முன்னதற்கு மறுதலையானது. தனக்கு வரும் அலைகளின் எண்ணிக்கை எவ்வளவு வேகத்தை விதிக்கின்றதோ அதனை மீறி அது விரையாது. அவ்வெல்லையை நெருங்குந்தோறும் அதன் முறுக்குவிசை தானாகவே தளர்ந்துவிடும். ஆதலின் வழுக்க முற்பட்ட சக்கரம் உடனே அடங்கும். மேலும் ஒரு சக்கரச் சட்டத்திலுள்ள மூன்று மோட்டார்களுக்கும் ஒரே கருவியினின்று ஒரே அலை செல்லுமாறு இவ்வெஞ்சின் வகுக்கப்பட்டது. ஒருங்கே ஓர் அலைக்குக் கட்டுப்பட்ட மூன்று அச்சுகளும் ஒன்றையொன்று விட்டு ஓடமாட்டா. போர் கணவாயின் நண்டுக்கு இணைதண்டு எதுவோ, இதற்கு இவ்வலை அதுவே. கண்ணுக்குத் தோன்றிய இரும்புத்தண்டு, எழுபது ஆண்டுகளில், கண்ணுக்குத் தோன்றாத மின்னலையாயிற்று.

பற்றைப்பற்றிய அறிவும் நுட்பமாயிற்று. சக்கரம் சிறிதும் வழுக்காதிருத்தலே நன்றென்று முன்னர் எண்ணினர். தண்டவாளத்தின் வேகத்தினும் சக்கரம் மிகச் சிறிதளவு முந்திச் சுழலும்போதே பற்று உச்சநிலை எய்துமென்பது பின்னர் அறியப்பட்டது. அவ்வுச்சத்தைக் கடந்தால் வீழ்ச்சி. அதற்கு இப்பால் நின்றால் இழப்பு. அவ்விளிம்பிலேயே சக்கரத்தை நிறுத்திவைக்கும் பணி மனிதக் கைக்கு எட்டாதது. கணிப்பொறி அதனைச் செய்கின்றது. அதன் பயனாக 123 டன் எடையுள்ள இவ்வெஞ்சின் ஏறத்தாழ 46 டன் விசையோடு இழுக்கத் தொடங்குகின்றது. முன்னை எஞ்சின்கள் தம் பாரத்தில் நான்கிலொரு பங்கை நம்பியிருந்த இடத்தில், இது மூன்றிலொரு பங்கினும் மிகுதியாகப் பெறுகின்றது.

இவ்விசை எவ்வளவு வேலைக்குப் போதும்? 58 நிலக்கரி வண்டிகள் கொண்ட ரயிலொன்று நிறைபாரத்தில் ஏறத்தாழ 4,700 டன். சமதளத்தில் மெல்ல ஓடும்போது அதற்குப் பத்து டன் விசையும் வேண்டுவதில்லை. நூறடிக்கு ஓரடி ஏறும் பாதையிலோ, ஏற்றத்துக்கு மட்டுமே 47 டன் விசை வேண்டும். கண்ணுக்கு ஏற்றமென்றே தோன்றாத அச்சாய்வு எஞ்சினின் முழுவலிமையையும் விழுங்கிவிடும். அங்கே பின்னின்று தள்ள மற்றோர் எஞ்சின் வேண்டும்.

விரைவும் வலிமையும் வேறுவேறு என்று தொடக்கத்திற் கூறினோம். அதற்கு இதனினும் தெளிவான சான்று இல்லை: இதே எஞ்சினின் மோட்டார்களையும் மின்மாற்றியையும் கொண்டே டபிள்யூ.ஏ.பி. 7 என்னும் மக்கள் ரயில் எஞ்சின் ஆக்கப்பட்டது. எழும்பூரினின்று தென்மாவட்டங்களுக்குச் செல்லும் விரைவு ரயில்களில் அதனைக் காணலாம். இரண்டுக்கும் தலையாய வேற்றுமை பல்சக்கரங்களின் விகிதமே. சரக்கு எஞ்சினில் மோட்டார் ஐந்து முறைக்குச் சற்று மிகுதியாகச் சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும்; மற்றதில் மோட்டார் மூன்றரை முறைக்குச் சற்று மிகுதியாகச் சுழன்றாலே போதும். விளைவு யாதெனின், முன்னது 100 கிலோமீட்டர் வேகமும் 46 டன் இழுப்பும் உடையது; பின்னது 140 கிலோமீட்டர் வேகமும் 33 டன் இழுப்பும் உடையது. ஆற்றல் இரண்டுக்கும் 6,000 குதிரைத்திறனே. விரைவைக் கொடுத்து வலிமையை வாங்கலாம். வலிமையைக் கொடுத்து விரைவை வாங்கலாம். இரண்டையும் விலையின்றிப் பெறுதல் இயலாது.

பின்னர், சரக்கு எஞ்சினுக்கு மேலும் இழுப்பு வேண்டப்பட்டபோது செய்தது யாது? அதன் பாரத்தை வேண்டுமென்றே 132 டன்னாகக் கூட்டினர்! இழுப்பு 50 டன்னைத் தாண்டியது. ஊர்தி அமைப்போர் அனைவரும் பாரத்தைக் குறைக்கப் பாடுபடும் உலகில், கூட்டிப் பயன்கொள்வோர் இவர்களே. ஆயின் இதற்கும் எல்லையுண்டு. தண்டவாளமும் பாலமும் ஓர் அச்சின்மேல் இத்துணை டன்னே தாங்கும் என்ற வரையறை, எஞ்சினின் பாரத்தை ஓரளவுக்குமேல் விடாது.

அவ்வெல்லையைக் கடக்கும் வழி அச்சுகளைப் பெருக்குதலே. பீகாரிலுள்ள மாதேபுராவில் ஆல்ஸ்டாம் கம்பெனியார் ஆக்கும் டபிள்யூ.ஏ.ஜி. 12 அவ்வகையது, 2020-ல் பணிக்கு வந்தது. இரட்டை உடலும் எட்டு அச்சுகளும் 180 டன் எடையும் 12,000 குதிரைத்திறனும் உடையது. ஆற்றல் இரட்டித்தது, இழுப்போ 46 டன்னினின்று 72 டன்னாகவே உயர்ந்தது. ஏனெனில், ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வேகம் வரையில் டபிள்யூ.ஏ.ஜி. 9-க்கே ஆற்றலிற் குறைவில்லை, குறை பற்றில்தான். அவ்வேகத்துக்கு மேற்பட்டே மிகுந்த ஆற்றல் பயன் தரும்: அதே பாரம் விரைந்து செல்லும். இழுப்பைத் தருவது பாரம். அவ்விழுப்போடு விரைவைத் தருவது ஆற்றல். நாம் தொடக்கத்தில் நிறுத்திய வினாவுக்கு இதுவே விடை.

இறுதியாக ஒன்று கூறல் வேண்டும். 1931-ல் நம் மாம்பலத்தைக் கடந்த எஞ்சின்கள் கப்பலில் வந்தன. 1960-களில் ஓடியவை ஜப்பானினின்றும் வந்தன. 1998 முதல் சித்தரஞ்சன் ஒரு புதுக்கலையைக் கற்றுத் தேர்ந்தது. ஐரோப்பியர் தந்த மின்னணுக் கருவிகளை நீக்கி, அவற்றினும் புதியனவற்றைப் பொருத்தி, எஞ்சினைத் திருத்தவும் செய்தது. எனினும் 12,000 குதிரைத்திறன் எஞ்சினின் அமைப்பும், குஜராத்திலுள்ள தாகோதில் 2025 முதல் வெளிவரும் 9,000 குதிரைத்திறன் எஞ்சினின் அமைப்பும் வெளிநாட்டுக் கம்பெனிகள் வாயிலாகவே கிடைத்தன. அகலப்பாதை ஏறத்தாழ முழுவதும் மின்மயமாகிவிட்ட நாட்டில், நாம் உண்ணும் சோறும் எரிக்கும் விளக்கும் இவ்வெஞ்சின்களையே நம்பியிருக்கின்றன. அவற்றைக் கோத்துப் பொருத்தும் கையோடு, அவற்றை நினைத்து வகுக்கும் கருத்தும் நம்முடையதாதல் வேண்டும். அது விஞ்ஞானம் பயிலும் நம் நண்பர்களின் கடன்.

தமிழ் பயில்வார்க்கும் ஒரு கடன் உண்டு. இழுவிசை, இணைதண்டு, பல்சக்கரம், பற்று என்னும் சொற்களைப் புதிதாகத் தேடிப் படைக்க வேண்டியதில்லை. தேரிழுத்தவனும் படகிழுத்தவனும் செக்காட்டியவனும் அவ்வேலைகளுக்கான மொழியை முன்னரே தந்து சென்றுள்ளனர். நாம் செய்யவேண்டுவது அம்மொழியில் இப்பொருள்களை அஞ்சாது எழுதுவதே. எழுத எழுதப் பொருள் விளங்கும்; விளங்கிய பொருளே நம் உடைமையாகும்.